துளையிட்ட குண்டுமணி

கும்பகோணத்திலிருந்து அந்த இன்லண்டு கடிதம் வந்தபோது ஜெயகுமாரி பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு குண்டுமணிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் சூசைமாணிக்கம் வாசலில் நின்று, "ஏனுங்க ரைட்டரம்மா, உங்களுக்குத்தான். மெட்ராசு இல்லீங்க, வேற ஊரு" என்று குரல் கொடுத்தார். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். அனுப்பியவர் பெயர் சுப்பிரமணி, ஆசிரியர் என்று இருந்தது. மணி நன்றாக இருக்கிறதென்று வாங்கினவர்கள் எப்போதாவது எழுதுவது உண்டு. அப்படி ஒன்று என்று நினைத்து நின்றபடியே ஓரத்தைக் கிழித்தாள்.

அது 1987, ஆடி மாதம். அவள் கணவர் தேவசிகாமணி ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். பெண்கள் இருவரும் ஏற்காட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ஜெயகுமாரியும் சின்ன வயதில் சிஸ்டர்களிடம் தையலும் குரோஷாப் பின்னலும் கற்றவள்தான். சும்மா இருக்கத் தெரியாத கை அவளுக்கு.

அந்தக் கைக்கு வேலை கொடுத்தது கைமலர். சென்னையில் ராஜேஸ்வரி என்றொரு அம்மாள் நடத்திவந்த தபால் கடை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் போட்ட புத்தகம் ஒன்றை அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவார்கள். ஓலைப்பெட்டி, துணிப் பொம்மை, பின்னிய மேசை விரிப்பு என்று எங்கெங்கோ வீட்டிலிருந்து செய்கிற பெண்களின் சாமான்கள் அதில் இருக்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். வேண்டியவர்கள் எண்ணைக் குறித்துக் கைமலருக்கு எழுதினால் கைமலர் அந்தச் சீட்டைச் செய்கிறவளுக்கு அனுப்பும். அவள் பொட்டலம் கட்டி, தபால்காரர் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் வி.பி.பி.யில் போட வேண்டும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே பொட்டலத்தின் மேல் எழுதிய இரண்டு விலாசங்களைத் தவிர வேறு பேச்சுவார்த்தை கிடையாது. வாங்கினவர் எப்போதாவது எழுதினாலும் செய்கிறவள் எழுதக் கூடாது என்பது கைமலரின் விதி.

ஜெயகுமாரியின் எண் நூற்றுப் பதினான்கு. முதலில் குரோஷா விரிப்புகளும், குண்டுமணி கோத்த கழுத்து மாலைகளும், ஜெபமாலைகளும் அனுப்பினாள். ஒரு வருஷத்தில் அவளுக்கு ஒன்று புரிந்தது. கோத்த மாலையைவிடக் கோக்காத மணியைத்தான் ஜனங்கள் அதிகம் கேட்டார்கள். கொலுவுக்கு, வாசல் தோரணத்துக்கு, பிள்ளையார் படத்துக்கு என்று அவரவர் கையால் எதையாவது செய்துபார்க்க ஆசை. ஆனால் குண்டுமணி கல்லு மாதிரி. வீட்டு ஊசி இறங்காது. மாலை கோக்கத் தொடங்கியபோதே தேவசிகாமணி சேலத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் சொல்லி மெல்லிய முனை வைத்த கைக்கருவி ஒன்று வாங்கிவந்து கொடுத்திருந்தார். அதில் துளை போட்டு, நூறு கிராம், இருநூறு கிராம் என்று கட்டி அனுப்பினாள். பளபளவென்று சிவப்பும் கறுப்புமாக, நூல் நுழையத் தயாராக இருக்கும் மணி தமிழ்நாட்டில் வேறு யாரிடமும் தபாலில் கிடைக்கவில்லை.

கடிதத்தில் இப்படி இருந்தது:

"அம்மா, சித்திரை மாதம் என் மனைவி தங்களிடமிருந்து இருநூறு கிராம் சிவப்பு மணி வாங்கினாள். கூடத்தில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தவள் அடுப்பில் பால் பொங்கவே எழுந்து போனாள். எங்கள் மகள் தையல்நாயகிக்கு இரண்டரை வயது. ஒரு கை மணியை வாயில் போட்டு மென்றுவிட்டாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வாந்தியும் ரத்தபேதியும் ஆரம்பித்தது. இன்று ஒன்பதாவது நாள், தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பிழைக்கும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. முழு மணியாக இருந்தால் தோல் கெட்டி, அப்படியே வெளியே வந்திருக்கும், துளை போட்டதால் விஷம் சுலபமாக இறங்கிவிட்டது என்கிறார். இதைத் துளை போட்டு விற்பது யார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பொட்டலத்தின் மேல் ஒரு வார்த்தைகூட இல்லை. பணமோ வேறெதுவுமோ கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்."

ஜெயகுமாரி மறுபடி படிக்கவில்லை. மடித்தாள். பின்னறைக்குப் போய் முறத்தில் இருந்த மணியெல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, டப்பாவைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டின பிறகு கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள்.

தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியில்லை. மணி பொறுக்கிக் கொடுப்பவள் மாரமங்கலத்துக் குப்பாயி. பள்ளத்து வேலிகளில் படர்ந்த கொடியிலிருந்து பறித்து, மாதம் ஒரு நாள் பஸ்ஸில் மூட்டையோடு வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் மூட்டையை இறக்கிய அன்றே அவள் சொல்லியிருந்தாள்: "ரைட்டரம்மா, முழுசா இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க. ஒடச்சீங்கன்னா வெசம். இத அரைச்சு முள்ளுல தடவி மாட்டக் குத்துனா மாடே செத்துப்போயிருமுங்க. ஊசில வெரலக் குத்திக்காதீங்க."

அந்த வார்த்தையை ஜெயகுமாரி மதித்தாள். விரலுக்குத் தோலுறை போட்டுக்கொண்டாள். துளைத் தூளைக் காகிதத்தில் கூட்டி எடுத்துப் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். பெண்கள் பின்னறைக்குள் கால் வைக்கக் கூடாதென்று கண்டிப்பாக வைத்திருந்தாள். தன் வீட்டில் இத்தனையும் செய்தவளுக்கு, பொட்டலத்தின் மேல் ஒரு வரி எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அல்லது தோன்றி, எழுதினால் யார் வாங்குவார்கள் என்று தள்ளிவிட்டாளா? அதுவும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம்தான் அவளை அதிகமாகத் தின்றது.

சாயங்காலம் தேவசிகாமணி செக்ரோலில் கூலிக் கணக்கை எழுதிவிட்டு வந்ததும் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. பதிலும் போட்டுராத. எழுத்துல ஒண்ணு குடுத்துட்டம்னா அப்பறம் அதுதான் சாட்சி. நாளைக்குப் போலீசு வந்து எஸ்டேட் கேட்டுல நின்னா எனக்கு வேலை இருக்குமா? ஊட்டக் காலி பண்ணுன்னுட்டா புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது?"

"அந்தக் கொழந்தை..."

"கொழந்தைக்கு நாம இங்கிருந்து என்ன பண்ண முடியும், ஜெயா? ஜெபம் பண்ணு."

"அந்தக் கொழந்தைய மட்டும் சொல்லலீங்க. இத்தன பேருக்கு அனுப்பியிருக்கறன். எல்லாத்து ஊட்டுலயும் அலமாரில இருக்குதுங்க. எல்லாத்து ஊட்டுலயும் கொழந்தைங்க இருக்குமுங்க."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவருடைய அப்பா ஒரு துரை எஸ்டேட்டில் ஒரே நாளில் வேலை போய்ப் பாத்திரம் பண்டத்தோடு ரோட்டில் நின்ற கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜெயகுமாரி ஏற்காட்டுக்குப் போய்த் தபாலாபீசில் சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்தாள். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு ராஜேஸ்வரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. விஷயத்தைக் கேட்டு அந்த அம்மாள் நிஜமாகவே பதறினாள். குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம் குரல் மாறியது.

"அடுத்த புத்தகத்துல அந்த மணியை எடுத்துடறேன். தீபாவளிப் புத்தகம், இப்பவே அச்சுக்குப் போகுது."

"வாங்குனவங்களுக்கு எழுதோணுங்களே."

"நீங்க எழுதக் கூடாது. விதி தெரியுமில்லே? நான் பார்த்துக்கறேன். ஆனா இப்ப வேண்டாம், ஜெயகுமாரி. கைமலர்ல வாங்கினா விஷம்னு ஒரு பேச்சுக் கிளம்பிடுச்சுன்னா இருநூறு பொம்பளைங்க கஞ்சியில மண்ணு விழுந்துடும். அதுல விதவைங்க இருக்காங்க, புருஷன் விட்டுட்டுப் போனவங்க இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க, பக்குவமா..."

மூன்று நிமிஷம் முடிந்து இணைப்பு அறுந்தது. ராஜேஸ்வரி சொன்னதிலும் நியாயம் இருப்பது ஜெயகுமாரிக்குத் தெரிந்தது. பொறுங்கள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க நினைத்திருந்தாள். மறுபடி பதிவு செய்து கேட்பதா என்று கவுண்டர் பக்கம் போனவள், அதற்குப் பதிலாகத் தொண்ணூறு கார்டு கொடுங்கள் என்று கேட்டாள். கட்டிலிருந்து எண்ணிக் கொடுத்தவர், "கல்யாணமுங்களா?" என்றார்.

சனிக்கிழமை குப்பாயி மூட்டையோடு வந்தாள். ஜெயகுமாரி மூட்டையை இறக்கவிடாமல் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். குப்பாயி மூட்டையை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள். பிறகு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னனுங்களே."

"சொன்னீங்கக்கா. நான் இல்லீன்னு சொல்லல."

"நீங்க ஓட்ட போட்டுத் தபால்ல அனுப்பறீங்கன்னு தெரியும். அது வெசமா மாறும்னு எனக்கும் தட்டலீங்களே. கழுத்துல போடறதுதானேன்னு இருந்துட்டன்." மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "போலீசு வருமுங்களா?"

"தெரியலீங்கக்கா."

"மலைக்காரின்னாலே மருந்து வெப்பான்னு கீழ பேசறவங்க இருக்காங்க. பச்சப்புள்ள விசயம், சும்மா உடமாட்டாங்க. எம்பேர மட்டும் எங்கயும் எழுதிராதீங்க, சாமி. எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குது."

"எழுத மாட்டன்."

குப்பாயி மூட்டையை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த எஸ்டேட் பக்கம் வரவில்லை. மணிக்கு மட்டுமில்லை, பலா, சீத்தாப்பழம் விற்கவும் வரவில்லை.

அன்று மத்தியானம் ஜெயகுமாரி கைமலர் அனுப்பின சீட்டுகளையும் வி.பி.பி. ரசீதுகளையும் எடுத்து விலாசங்களைச் சேர்த்தாள். சுப்பிரமணி வீடு போக, மணியாகவும் மாலையாகவும் எண்பத்து மூன்று வீடுகள். கார்டில் என்ன எழுதுவது என்பதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. முதலில் "கவனமாகக் கையாளவும்" என்று எழுதினாள். அரிவாளுக்கும் கண்ணாடிக்கும் எழுதுகிற வார்த்தையாக இருந்தது. கிழித்துப் போட்டாள். "சிறு குழந்தைகள் இருந்தால்" என்று தொடங்கினாள். குழந்தை இல்லாதவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள், அவர்கள் வீட்டுக்கும் ஒருநாள் குழந்தை வரும் என்று அதையும் கிழித்தாள். கடைசியில் இப்படி எழுதினாள்:

"நான் தங்களுக்கு அனுப்பிய சிவப்பு மணி விஷம். துளை போட்டிருப்பதால் மென்றாலும் சப்பினாலும் உயிருக்கு ஆபத்து. ஒரு குழந்தை இதனால் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கோத்ததோ கோக்காததோ, ஒன்று விடாமல் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். இது விஷம் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பொட்டலத்தின் மேல் எழுதவில்லை. ஜெயகுமாரி, எண் 114."

தேவசிகாமணி வந்து ஒரு கார்டை எடுத்துப் படித்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"எல்லாம் சரி. அந்தக் கடைசி வரி எதுக்கு?"

"உண்மைதானுங்களே."

"உண்மைன்னா எல்லாத்தையும் எழுதணும்னு இருக்கா? அத எடுத்துரு. எடுத்துட்டா நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரன். அந்த ஒரு வரி நம்மள ஜெயிலுக்கு அனுப்பிரும், ஜெயா."

ஜெயகுமாரி அடுத்த கார்டை எடுத்தாள். "அது இல்லீன்னா யாரோ கெளப்பிவிட்ட பொரளின்னு நெனப்பாங்க. அழகா இருக்குதே, எதுக்குக் கொட்டறதுன்னு ஒரு டப்பாவுல போட்டு மேல வெச்சுருவாங்க. வித்தவளே எனக்குத் தெரியும்னு சொன்னா நம்புவாங்க."

அவர் எழுந்து வெளியே போனார். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பீடியை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பெண்கள் தாங்களே சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். எட்டு மணி வாக்கில் அவர் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்து, எழுதி முடித்த கார்டுகளைக் கவிழ்த்துப் போட்டு விலாசம் எழுதத் தொடங்கினார். ரைட்டர் கையெழுத்து, அச்சுப் போல இருக்கும். எண்பத்து மூன்றையும் முடிக்கும்வரை ஒன்றைக்கூட அவர் செய்திப் பக்கம் திருப்பவில்லை.

சுப்பிரமணிக்குக் கார்டு போதாதென்று தனியாகக் கடிதம் எழுதினாள். குப்பாயி பெயரைச் சொல்லாமல், விவரம் தெரிந்த ஒருவர் எச்சரித்ததையும், தான் தோலுறை போட்டுக்கொண்டதையும், தன் பெண்களை அந்த அறைக்குள் விடாமல் வைத்திருந்ததையும், பொட்டலத்தில் எழுதாததையும் அப்படியே எழுதினாள். தப்பு முழுக்க என்னுடையது, குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள் என்று முடித்தாள்.

எட்டு பத்து நாளில் பதில்கள் வரத் தொடங்கின. ஒரு அம்மாள் நன்றி சொல்லியிருந்தாள். ஒருத்தி மாலையைப் பார்சலாகத் திருப்பி அனுப்பி, கூடவே நாலு பக்கம் திட்டியிருந்தாள். திருநெல்வேலியிலிருந்து ஒருவர், நாங்கள் பரம்பரையாகப் பிள்ளையாருக்கு இதில்தான் கண் வைக்கிறோம், வீண் பீதி கிளப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், இனிமேல் கிடைக்காதென்றால் இப்போதே அரைக்கிலோ அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு ஜெயகுமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

தபாலில் போனதைத் தவிரப் பக்கத்திலும் சில இருந்தன. போன வருஷம் எஸ்டேட் கூலிகள் குடியிருந்த லைனில் ஐந்து பிள்ளைகள் கோயிலில் முதல்முறையாக நற்கருணை எடுத்துப் புதுநன்மை வாங்கியபோது அவள் ஆளுக்கொரு குண்டுமணி ஜெபமாலை கொடுத்திருந்தாள். வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டாள். நாலு வீட்டில் கொடுத்துவிட்டார்கள். லூர்துசெல்வி மட்டும் வாசலை மறைத்து நின்றாள்.

"சாமியாரு மந்திரிச்சுக் குடுத்த ஜெபமாலைங்க. அத எப்படித் திருப்பித் தர்றது?"

"அது வெசமுங்க, செல்வி. புள்ள வாயில வெச்சுட்டா..."

லூர்துசெல்வியின் முகம் மாறியது. "வெசத்தக் கையில புடிச்சுட்டா எம்புள்ள நன்ம வாங்குச்சு? தெரிஞ்சா குடுத்தீங்க?"

"ஆமாங்க."

ஜெபமாலை படியில் வந்து விழுந்தது. அந்த ஞாயிறு பூசையில் ஜெயகுமாரி உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. பெண்கள் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் காது சிவந்திருந்தது.

கைமலரிலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. விதியை மீறி வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக எழுதியதால் எண் நூற்றுப் பதினான்கு நீக்கப்படுகிறது, மணி மட்டுமல்ல, குரோஷா விரிப்புகளும்தான். அடியில் ராஜேஸ்வரி தன் கையால், "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று எழுதியிருந்தாள்.

அவள் காத்திருந்த பதில் ஒன்றுதான். சுப்பிரமணியிடமிருந்து எதுவும் வரவில்லை. சூசைமாணிக்கம் இறக்கத்தில் தெரிந்தால் ஜெயகுமாரி கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஆவணி பிறந்தது. குழந்தை செத்துப்போயிருந்தால் அவர் ஏன் பதில் போடப் போகிறார் என்று ஒருநாள் தோன்றியது. அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் போயிட்டு வந்துர்றனுங்க" என்றாள் ஒருநாள் காலையில்.

தேவசிகாமணி தடுக்கவில்லை. கும்பகோணத்தில் கன்னியர் மடத்தில் ஓரிரவு தங்க இடம் கேட்டுப் பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அடிவாரம் வரை அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று மாறி மாறி, கும்பகோணத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

கடிதத்தில் இருந்த தெருவைக் கண்டுபிடித்து, முனையில் சோடாக்கடையில் வாத்தியார் வீடு எது என்று கேட்டாள்.

"எந்த வாத்தியார்? சின்னப் புள்ளைக்கு உடம்பு முடியாம இருந்துச்சே, அந்த வாத்தியாரா?"

இருந்துச்சே என்றால் என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பச்சைக் கதவு என்றார் கடைக்காரர். பச்சைக் கதவுக்கு முன்னால் கொடியில் ஒரு சேலையும் இரண்டு வேட்டியும் காய்ந்தன. சின்னத் துணி ஒன்றுகூட இல்லை. அவள் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு தெருவில் நின்றாள்.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுப்பிரமணியின் மனைவி மரகதம் அவள்தான்.

"யாரு வேணும்?"

"ஏற்காட்டுல இருந்து வாரனுங்க. மணி அனுப்புனது நான்தானுங்க."

மரகதம் அசையவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், கூடத்துப் பாயில், ஒரு குழந்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மொட்டை அடித்திருந்தார்கள். கழுத்து மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு டப்பா மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஜெயகுமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இயேசுவே" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

உள்ளேயிருந்து சுப்பிரமணியும் அவருடைய தாயாரும் வந்தார்கள். யாரென்று தெரிந்ததும் அந்த அம்மாள் ஜெயகுமாரியை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்துத்தான் பேசினாள். "வந்து பார்க்கட்டும். தரையில விஷத்தைக் கொட்டி வெச்சுட்டு அடுப்பைப் பார்க்கப் போன மகராசியை எல்லா ஊரும் வந்து பார்க்கட்டும்."

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதில்லை என்பது அவள் குனிந்த விதத்திலேயே தெரிந்தது.

"அவங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான் கடுதாசில எல்லாம் எழுதியிருந்தனுங்களே" என்றாள் ஜெயகுமாரி.

மரகதம் தலையை நிமிர்த்தினாள்.

"எந்தக் கடுதாசி?" என்றாள் மரகதம்.

ஜெயகுமாரி சுப்பிரமணியைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். மரகதம் கணவர் பக்கம் திரும்பினாள். "எந்தக் கடுதாசிங்க?"

"அம்மா போலீசு கேசுன்னு கிளம்பிடுவாங்களேன்னு..." என்று இழுத்தார் அவர். "நீயும் படிச்சா இன்னும் உடைஞ்சு போவே."

"எப்ப வந்துச்சு?"

அவர் தாயாரைப் பார்த்தார்.

"எப்ப வந்துச்சுன்னு கேக்கறேன்."

"ஒரு மாசம் ஆகப்போவுது."

மரகதம் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவே இல்லை. அவர் உள்ளே போய், பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றுக்குள்ளிருந்து அதை எடுத்துவந்தார். அவள் அதை வாங்கி ஜெயகுமாரியிடம் கொடுத்தாள்.

"நீங்க எழுதினதுதானே? படிங்க. சத்தமா."

ஜெயகுமாரி படித்தாள். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். எச்சரிக்கை கிடைத்ததை, தோலுறை போட்டதை, பெண்களை அறைக்கு வெளியே வைத்ததை, பொட்டலத்தை ஒன்றும் எழுதாமல் ஒட்டியதை எல்லாம் படித்தாள். முடிக்கும் முன்பே அந்தப் பெரிய அம்மாள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"உம் புள்ளைங்கள வெளியில நிறுத்திட்டு எம் பேத்திக்கு அனுப்பினியாடி? நீ ஒரு தாயா?"

ஜெயகுமாரி நின்றாள். அந்த அம்மாள் சொன்னவை எல்லாவற்றையும் கேட்டாள். சுப்பிரமணி தாயாரின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகப் பார்த்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

மரகதம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் பார்க்கும்போது குழந்தையின் உதடு வெடித்து, கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது. தொட வேண்டும் போல ஜெயகுமாரிக்குக் கை பரபரத்தது. தொடவில்லை.

"சாப்பாடு தங்குதுங்களா?"

"கஞ்சி தங்குது. நடக்கத்தான் மறந்துட்டா. வந்துடும்னு சொல்றாங்க." மரகதம் கடிதத்தை அவள் கையிலிருந்து எடுத்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க கிளம்புங்க. இனிமே வராதீங்க."

"சரீங்க."

"ஒரு மாசம்" என்றாள் மரகதம். அது ஜெயகுமாரியிடம் சொன்னதில்லை. திரும்பி உள்ளே நின்ற கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைக்குத் திரும்பியபோது மூன்று கார்டுகள் விலாசதாரர் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்திருந்தன. ஜெயகுமாரி அந்தந்த ஊர்த் தபாலாபீசுக்கு எழுதினாள். அருப்புக்கோட்டை அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டதாகத் தகவல் வந்து, அந்த விலாசத்துக்கு மறுபடி எழுதினாள். பாண்டிச்சேரிக்காரர் தெரு மாறியிருந்தார், அவரும் கிடைத்தார். வேலூரில் ஒரு வாடகை வீட்டுக்கு அனுப்பிய நூறு கிராம் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. குடியிருந்தவர்கள் வடக்கே எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்றார்கள். பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் வேலை பார்த்த ஆபீசுக்கு எழுதினாள், வீட்டுக்காரருக்கு எழுதினாள், வேலூரில் ஒரு சிஸ்டருக்கு எழுதி நேரில் விசாரிக்கச் சொன்னாள். சூசைமாணிக்கம் பதில் கொண்டுவரும்போதெல்லாம், "கெடச்சுதுங்களா, ரைட்டரம்மா?" என்று அவரும் கேட்க ஆரம்பித்தார்.

கிடைக்கவில்லை. அந்த நூறு கிராமைத் தேடி அவள் அதற்கப்புறமும் இரண்டு வருஷம் எழுதிக்கொண்டிருந்தாள்.